அழுக்குப் பக்கத்தில் நான் நின்ற காரணம்

நான் ஓய்வு பெற்ற அன்று லோண்டரியில் கேக் வெட்டினார்கள். புதிதாக வந்த மனேச்சர், என் மகளைவிட வயது குறைந்தவர், ஒரு தாளைப் பார்த்து என்னைப் பற்றி நாலு வார்த்தை வாசித்தார். "ராசன் தன் சொந்த விருப்பத்தில் கடைசிவரை அழுக்குப் பக்கத்தில் நின்றவர்" என்று அதில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு இளம் ஆட்கள் இரண்டு மூன்று பேர் தட்டோடு என்னிடம் வந்து, ஏன் அப்படி நின்றாய், அந்தப் பக்கம் போக ஒரு சந்தர்ப்பமும் வரவில்லையா என்று கேட்டார்கள். வந்தது. கேக்கை மென்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது நேரம் இருக்கிறது, எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லோண்டரி என்றால் நடுவில் ஒரு சுவர் இருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பெரிய மெசின்களைச் சுவருக்குள்ளேயே பதித்திருப்பார்கள். ஒவ்வொரு மெசினுக்கும் இரண்டு கதவு. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், ஹோட்டல் என்று பல இடங்களிலிருந்தும் வருகிற துணியை நாங்கள் பிரித்து இந்தக் கதவால் போடுவோம். வெளுத்து முடிந்ததும் அந்தக் கதவு திறக்கும். அங்கே நிற்பவர்கள் எடுத்து, உலர்த்தி, அழுத்தி, மடித்து அடுக்குவார்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது. ஆட்களுக்கும் அதே சட்டம்தான். அழுக்குப் பக்கத்தவன் சுத்தப் பக்கம் போவதென்றால் நடுவிலுள்ள கழுவும் அறைக்குள் நுழைந்து, ஏப்ரனைக் கழற்றி, முழங்கைவரை கழுவி, மருந்து பூசி, செருப்பு மாற்ற வேண்டும். எங்களுக்குச் சிவப்புக் கட்டைச் செருப்பு, அவர்களுக்கு வெள்ளை.

அழுக்குப் பக்க வேலை கடினம் என்று சொல்லமாட்டேன், கவனம் வேண்டும். மஞ்சள் பை என்றால் தொற்று நோயாளியின் துணி. அதைத் திறக்கக் கூடாது, பையோடு மெசினுக்குள் போட வேண்டும். மற்றப் பைகளை மேசையில் கொட்டி, ஒவ்வொரு விரிப்பையும் இரண்டு மூலையில் பிடித்து உதற வேண்டும். உதறினால் கத்தரிக்கோல் விழும், மூக்குக் கண்ணாடி விழும், சில நாள் பொய்ப்பல்லும் விழும். பிள்ளைப்பேற்று வார்டிலிருந்து வருகிற பைகள் பாரமாக இருக்கும். அவற்றில் ரத்தம் இருக்கும். முதல் கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குக் காரணம் ரத்தம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் என் அப்பா கட்டாடி. ஊர் வீடுகளின் துணியை வெளுத்தவர். பிள்ளைப்பேறு, பெண்பிள்ளை வயதுக்கு வந்து சாமத்தியப்பட்டது, செத்த வீடு, எது நடந்தாலும் துடக்குத் துணி, அதாவது தீட்டுத் துணி, எடுக்க அப்பாவுக்குத்தான் ஆள் வரும். அவர் எடுத்துப்போனால் அந்த வீடு சுத்தமாகிவிடும். எடுத்தவர் மட்டும் ஒருநாளும் சுத்தமாக மாட்டார். அவருக்குத் தேத்தண்ணி வாசல் படலைக்கு வெளியே, சிரட்டையில். நான் படிப்பில் கெட்டிக்காரன். இந்தத் தொழிலில் கை வைப்பதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் சோதனை எழுதினேன். பிறகு சண்டை வந்தது. கொழும்பு, விமானம், டென்மார்க், முகாமில் ஒரு குளிர்காலம், டேனிஷ் வகுப்பு. அகதி என்று ஏற்றுக்கொண்டதும், கோப்பன்ஹேகனிலிருந்து ரயிலில் போகக்கூடிய ஒரு துறைமுக ஊரில் என்னைக் குடியமர்த்தினார்கள். அந்த ஊரின் கொம்யூன், அதாவது நகரசபை, எனக்கு முதல் வேலையைத் தேடித் தந்தது. லோண்டரியில்! கடவுளுக்கும் பகிடி விடத் தெரியும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அழுக்குப் பக்கத்தில் எனக்கு முன்பே ஒரு தமிழர் இருந்தார், சந்திரண்ணை. நல்ல வேலைக்காரர், வாயும் நல்லது. வெளியில் மட்டும் "ஆஸ்பத்திரியிலை வேலை" என்பார். என் ஊரையும் அப்பாவின் பெயரையும் விசாரித்தறிய அவருக்கு அதிக நாள் செல்லவில்லை. அதன் பிறகும் என்னோடு அன்பாகத்தான் கதைத்தார். என் அறைக்கு வந்தால் மட்டும், கேத்திலை நான் அடுப்பில் வைக்கும் முன்னமே, "வேண்டாம் தம்பி, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார். எந்த நேரம் வந்தாலும் அவர் அப்போதுதான் குடித்திருப்பார்.

எங்களுக்கு மேலாளாக இருந்தவர் கிர்ஸ்டன். உயரமான, நரைத்த மனுசி. சத்தம் போட்டதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் சுத்தப் பக்கத்து அடுக்குகளின் விளிம்பில் விரலை ஓடவிட்டபடி நடப்பார். ஒரு விரிப்பு பிழையாக மடித்திருந்தால் ஒன்றும் பேசாமல் அதை உருவி, மடித்தவரின் முன்னால் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். அழுக்குப் பக்கம் வருவதென்றால் தானும் செருப்பு மாற்றிக்கொண்டுதான் வருவார். ஒரு நாள் அவசரத்தில் கூட வெள்ளைச் செருப்போடு வாசலைத் தாண்டியதில்லை. டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்குப் புரள நெடுநாள் எடுத்தது.

அந்தக் காலத்தில் என் மனைவி மலரும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிட எனக்கு உரிமை இருந்தது, விண்ணப்பமும் போட்டிருந்தேன். கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். என்னைப் போல நிறையத் தமிழர் அப்படிக் காத்திருந்தார்கள். எங்கள் விண்ணப்பங்கள் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்பது பிறகுதான் வெளியில் வந்தது. இங்கே தமிழர் வழக்கு என்று சொல்வது அதைத்தான். அதனால் ஒரு அரசாங்கமே பதவி விலகியது. அப்போது எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நான் என்ன பிழை விட்டேன், எந்த இடத்தில் கையெழுத்து வைக்காமல் விட்டேன் என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

அப்படியிருந்த ஒரு நாள்தான் ரமீசா வந்தாள்.

அவள் றோமாப் பெண். ஊர் அவர்களைச் 'சிகொய்னர்', அதாவது ஜிப்சி, என்று சொல்லும், அது அவர்களுக்குப் பிடிக்காத சொல். யூகோஸ்லாவியாவிலிருந்து, எங்களுக்கெல்லாம் முன்பே, தொழிற்சாலைகளுக்கு ஆள் தட்டுப்பாடான காலத்தில் வந்தவர்கள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் அவர்கள்தான். பிறகு எங்கே வேலை கேட்டாலும் பெயரைக் கேட்டதும் இடம் நிரம்பிவிட்டது என்பார்கள். இவர்கள் உழைக்க மாட்டார்கள் என்று சொன்னதும் அதே வாய்தான். கொம்யூன் ஒரு திட்டம் போட்டு, உதவிப் பணத்தில் இருந்த றோமாப் பெண்கள் சிலரை எங்களிடம் வேலை பழக அனுப்பியது. ஒழுங்காகச் செய்தால் நிரந்தர வேலை, மறுத்தால் உதவிப் பணம் நிற்கும்.

ரமீசாவுக்கு என்னைவிட வயது கொஞ்சம் குறைவு. கணவருக்கு நாரி வருத்தம், இடுப்பை நிமிர்த்தி வேலை செய்ய ஏலாது. வீட்டில் மாமியார், ஒரு மகள். அந்த வீட்டில் யாருக்கும் நிரந்தர வேலை இருந்து பல காலம். முதல் நாள் கேற் திறக்கும் முன்பே வந்து நின்றாள். புதிதாக வருகிற எல்லோரும் அழுக்குப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. கிர்ஸ்டன் அவளுக்கு ஏப்ரனும் கையுறையும் தந்து என் மேசைக்கு அனுப்பினார். நான் ஒரு பையை அவிழ்த்துக் கொட்டினேன். பிள்ளைப்பேற்று வார்ட். ரமீசா அந்த விரிப்புகளைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி, அழகாக ஒன்றின் மேல் ஒன்று வைத்துவிட்டு, பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள். நான் கூப்பிட்டேன், வரவில்லை. கிர்ஸ்டன் வந்து கேட்டார். "நான் என்னவும் செய்வன். இது மட்டும் ஏலாது" என்றாள்.

எல்லா றோமாக்காரரும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அவளோடு வந்த வேறொரு குடும்பத்துப் பெண் அதே மேசையில் கையுறையைப் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடியபடி, என்னைவிட வேகமாக உதறினாள். ரமீசாவின் வீட்டுக்காரர் பழைய கட்டுப்பாடு உள்ளவர்கள். அங்கே இடுப்புக்கு மேலே உடுக்கிறதைத் தோய்க்க ஒரு வாளி, கீழே உடுக்கிறதற்கு இன்னொரு வாளி. சாப்பாட்டு மேசைத் துணியும் கோப்பையும் இந்த இரண்டு வாளிக்கும் கிட்டவும் வராது. பிள்ளை பெற்றவளின் துணி என்றால் அதைத் தொடுவதற்குத் தனி முறை. பிறத்தியாரின் துணி என்றால் கதையே இல்லை.

கிர்ஸ்டன் அன்றே கொம்யூனுக்கு அறிவித்திருக்கலாம். செய்யவில்லை. கட்டின பைகளை வண்டியில் தள்ளிவரும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். கட்டின பையென்றால் அவள் தள்ளுவாள். நானும் சந்திரண்ணையும் சேர்ந்து தள்ளுவதை அவள் தனியே தள்ளினாள். ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான். பயிற்சிக் காலம் முடியும்போது, இவள் எல்லா வேலையும் செய்தாளா இல்லையா என்று கிர்ஸ்டன் சொல்லியாக வேண்டும்.

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். சந்திரண்ணை காதுக்குள் வந்து, "பாவமடா, எங்கடை சனம் மாதிரித்தான், துடக்குப் பாக்கிதுகள்" என்றபோது இன்னும் கூடியது. ஓம், எங்கடை சனம் மாதிரித்தான். அந்தச் சனத்தின் துடக்கைத் தலையில் சுமந்தது என் அப்பா. இவள் தொட மாட்டாளாம். அப்படியென்றால் யார் தொடுவது? எங்கே போனாலும் தொடுவதற்கு ஒருத்தன் வேண்டும், அந்த ஒருத்தன் நானாகவே இருக்க வேண்டுமா? அந்த நாட்களில் நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சுத்தப் பக்கத்தில் ஒரு இடம் காலியானது. மடிக்கிற மேசையில் நின்ற ஒரு வயதான பெண் ஓய்வு பெற்றுப் போனார். சுத்தப் பக்கத்து இடம் சேவைக் காலப்படி போகும். சந்திரண்ணைக்கு முதுகு நோ, மடிக்கிற மேசையில் ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்க முடியாது, வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அடுத்தது நான். தொழிற்சங்கத்தின் ஆளாக அங்கே இருந்த இங்க என்ற டேனிஷ் மனுசி, இது ராசனின் இடம், மாற்ற முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு விதி மட்டும் காரணமில்லை. "சிகொய்னரின் கை சுத்தத் துணியில் படுவதோ?" என்று சுத்தப் பக்கத்தில் கதை ஓடிக்கொண்டிருந்தது. எண்ணும்போது துவாய் குறைந்தால் யாரைச் சந்தேகமாய்ப் பார்ப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்தக் கதையெல்லாம் காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை வெள்ளைச் செருப்பு போடப்போகிறேன் என்று கொழும்புக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கிர்ஸ்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையை இழுத்து விட்டார். கோப்பி ஊற்றித் தந்தார்.

"அந்த இடம் உன்ரை. அதிலை கதையில்லை. ஒண்டு கேக்கிறன். நீ விட்டால் நான் ரமீசாவை அங்கை போடலாம், அவவுக்கு நிரந்தரம் கிடைக்கும். விடாட்டில் அவ மறுத்திட்டா எண்டு நான் கொம்யூனுக்குச் சொல்ல வேணும். நீ இல்லையெண்டு சொன்னாலும் சரி. ஒருத்தரும் உன்னை ஒண்டும் கேக்கமாட்டினம்."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். டென்மார்க்கில் யாருக்கும் சொல்லாததை அன்று அவருக்குச் சொன்னேன். அரைகுறை டேனிஷில் கட்டாடி என்பதை விளங்கப்படுத்துவது லேசில்லை. அப்பாவைச் சொன்னேன், துடக்குத் துணியைச் சொன்னேன், சிரட்டையைச் சொன்னேன். "எங்கடை ஆக்கள் தலைமுறை தலைமுறையாச் செய்ததைத்தான் நீ என்னட்டைக் கேக்கிறாய்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

கிர்ஸ்டன் முழுவதையும் கேட்டார்.  கடைசியில், "அப்ப நான் உன்னட்டை இதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதைத் திருப்பி எடுக்கிறன். திங்கட்கிழமை நீ அந்தப் பக்கம்" என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் என்னால் அந்தக் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. அப்பாவை ஊரில் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. ஆள் அனுப்புவார்கள், போவார். இங்கே ஒரு மேலாள் கதிரை இழுத்துவிட்டுக் கேட்டார். கேட்டது பிழை என்று கண்டதும் திருப்பி எடுத்தார். எனக்கு ஆத்திரப்பட ஆளில்லாமல் போய்விட்டது.

"அவ வந்து கேக்கட்டும்" என்றேன். "நீ வேண்டாம், அவ வந்து என்னட்டைக் கேக்க வேணும்."

அடுத்த நாள் கழுவும் அறைக்குள் ரமீசா வந்தாள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடம் அதுதான். அவளுடைய டேனிஷும் என்னுடையதும் ஒரே தரம், அதனால் இருவருக்கும் நன்றாக விளங்கியது.

"எனக்கு அந்த இடம் வேணும்," என்றாள்.

"எனக்கும் வேணும். ஏன் உனக்குத் தர வேணும்?"

"இதைத் தொட்ட கையாலை நான் ரொட்டி சுட்டால் மாமி தின்னமாட்டா. சொந்தக்காரர் வீட்டுக்கு வராயினம். என்ரை மகளை ஒருத்தரும் பொம்பிளை கேட்டு வராயினம்."

"கையுறை தந்தவை தானே?"

"என்ரை கைக்குத் தந்தவை. சனத்தின்ரை வாய்க்கு ஆர் கையுறை போடுறது?"

"அப்ப வேலையை விட்டிட்டுப் போ."

"போனால் சாப்பாடு இல்லை. தொட்டால் சனம் இல்லை. நீ சொல்லு, எது இல்லாமல் இருக்கலாம்?"

 நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "நான் ஒவ்வொரு நாளும் தொடுறன். நான் ஒரு தேத்தண்ணி தந்தால் குடிப்பியோ?"

அவள் என் சிவப்புச் செருப்பைப் பார்த்தாள். "இல்லை," என்றாள்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் சந்திரண்ணையின் 'இப்பதான் குடிச்சிட்டு வாறன்' கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு அந்த இல்லை நேர்மையாகத்தான் கேட்டது. நான் திரும்பி நடக்கப் போனேன். அவள் விடவில்லை.

"இப்ப இல்லை எண்டனான். வேலை முடிச்சு, குளிச்சு, உடுப்பு மாத்திப்போட்டு நீ உன்ரை வீட்டிலை இருந்தால் வந்து குடிப்பன். உன்ரை மனுசி தந்தால் குடிப்பன்."

"மனுசி இங்கை இல்லை. விடமாட்டம் எண்டுறாங்கள்."

"விடுவாங்கள். வரட்டும். வந்தாப் பிறகு குடிப்பன்."

அன்றிரவு அதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். அவளுடைய அழுக்கு துணியில் இருந்தது, குளித்தால் போய்விடும். எங்களுடையது பிறப்பில் ஒட்டினது. என் அப்பா விடிய ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை கிணற்றில் அள்ளி அள்ளிக் குளித்தார், ஒரு வீடும் படலையைத் திறக்கவில்லை. இரண்டும் ஒன்றில்லை. ஒன்று என்று சந்திரண்ணை சொன்னதை நம்பித்தான் நான் ஆத்திரப்பட்டிருந்தேன்.

காலையில் கிர்ஸ்டனிடம் போய், "அவவுக்குக் குடு, நான் இங்கை நிக்கிறன்" என்றேன். உடனே ஓம் என்று சொல்லவில்லை, அந்த மனுசி. மறுநாள் இன்னொரு முறை, இங்கவையும் வைத்துக்கொண்டு, "நீயாகத்தான் சொல்றியோ? ஆரும் நெருக்கினவையோ?" என்று கேட்டார். நானாகத்தான் என்றேன். அதன் பிறகுதான் எழுதினார். மனேச்சர் வாசித்த 'சொந்த விருப்பத்தில்' என்பது அன்று கிர்ஸ்டன் எழுதிய சொல். பிறகு இடங்கள் காலியானபோதும் நான் அதை மாற்றச் சொல்லவில்லை.

சுத்தப் பக்கத்தில் ரமீசாவுக்குப் பூமாலை போட்டு வரவேற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து கோப்பி குடிப்பது வழக்கம். பன் வாங்கி வருவது முறை வைத்து. ரமீசா அந்த மேசையில் இருப்பாள், ஆனால் தொடமாட்டாள். வெள்ளைத் துணியில் முடிந்து தன் கோப்பையைக் கொண்டுவருவாள். எல்லோரும் கை கழுவுகிற சிங்கில் அதைக் கழுவாமல் கேத்தில் தண்ணீர் ஊற்றி அலசுவாள். சில கிழமையில் இங்கவுக்கு விஷயம் பிடிபட்டது.

"எங்கடை சிங்க் அவவுக்கு அழுக்காம்!" என்றார் இங்க, வாயைப் பிளந்துகொண்டு. "எங்களை! அவ!"

அவளுடைய கை துணியில் படக் கூடாது என்று சொன்னவர்களுக்குத் தாங்கள்தான் அழுக்கு என்ற செய்தி இறங்க நேரம் எடுத்தது. நான் சிரிப்பை அடக்கக் கோப்பியை ஊதிக்கொண்டிருந்தேன்.

பிறகு ரமீசாவின் முறை வந்தது. கடைப் பன் வாங்காமல் வீட்டில் சுட்ட, பாற்கட்டி வைத்த பெரிய ரொட்டி ஒன்றைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள்.  ஒருவரும் கத்தியை எடுக்கவில்லை. ரமீசா எல்லோர் முகத்தையும் பார்த்தாள், அவளுக்கு அது பழகினதுதான். கிர்ஸ்டன் எழும்பி, ஒரு பெரிய துண்டு வெட்டி, நின்றபடியே தின்றார். விரலை நக்கிவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார். நான் எடுத்தேன். சந்திரண்ணையும் எடுத்தார், அதற்கு அவருக்குத் தடையில்லை. கடைசியாக இங்கவும் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு கிள்ளினார். பிறகு பெரிதாக ஒன்று வெட்டினார். "என்ன போட்டனி உள்ளுக்கு?" என்று கேட்டார். அவர் ரமீசாவிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது. வருஷக் கடைசியில் ரமீசாவின் நிரந்தர வேலைக்குத் தொழிற்சங்கம் சார்பில் கையெழுத்து வைத்தவரும் அதே இங்கதான். அன்று ரமீசா வெள்ளைக் கட்டைச் செருப்பைக் கழற்றாமல் டக்கு டக்கென்று பஸ் ஏறிப் போனாள். அவர்கள் குடியிருந்த தொடர்மாடியில் எல்லா வாசலுக்கும் அது கேட்டிருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும், உடுப்பு மாற்றும் இடத்து நடைபாதையில் என்னைக் கண்டதும், "மனுசி வந்திட்டாவோ?" என்று கேட்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். "வருவா," என்றுவிட்டுப் போவாள். சொந்தத் தமிழர்கள் கூட, என் மனம் நோகும் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை. கேட்காத திங்கட்கிழமை என்று ஒன்று இருக்கவில்லை. சில நாள் எரிச்சலாக இருக்கும். ஆனால் அவளுக்கு விடுமுறை வந்த கிழமைகளில் எதையோ இழந்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் திடீரென்று அனுமதி வந்தது. நான் பிழை எதுவும் விடவில்லை, புதிதாக எதையும் எழுதியும் கொடுக்கவில்லை. மூடியிருந்த கதவு திறந்தது, அவ்வளவுதான். விமான நிலையத்தில் மலரைக் கண்டதும் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கினேன். கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் என்னைக் கண்டு தாயின் சேலைக்குள் ஒளித்தாள். தமிழர் வழக்கின் கதை முழுக்க வெளியே வந்து, கோப்பி மேசையில் எல்லோரும் அதையே கதைத்த காலத்தில் கிர்ஸ்டன், "எனக்கு வெட்கமாயிருக்கு" என்று ஒரு வசனம் சொன்னார். அவர் செய்த பிழை அதில் எதுவும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

மலர் வந்து அடுத்த ஞாயிறு சந்திரண்ணை ஒரு பை அப்பிளோடு பார்க்க வந்தார். நல்ல மனுசன், மகளுக்கு ஒரு பொம்மையும் வாங்கி வந்திருந்தார். மலர் தேத்தண்ணியோடு வந்தபோது எழும்பிவிட்டார். "இப்பதான் பிள்ளை குடிச்சிட்டு வாறன்." மலர் அந்தக் கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அவளும் எங்கள் ஆள்தான். விளங்கப்படுத்தத் தேவையில்லை. குசினிக்குள் அதைச் சிங்கில் ஊற்றிவிடுகிற சத்தம் கேட்டது.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ரமீசா, தன் மகளோடு. கையில் அந்தப் பெரிய தட்டு. "வந்திட்டா எண்டு சொன்னவை," என்றாள், திங்கட்கிழமைவரை பொறுக்க முடியாதவள் மாதிரி. மலர் அவளை இருத்திவிட்டு, "தேத்தண்ணி போடட்டோ?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள். எனக்குச் சந்திரண்ணையின் கோப்பை இன்னும் நெஞ்சில் நின்றது. "வேண்டாம், கேக்காதை. அவ ஒரு இடத்திலும் குடிக்கிறவ இல்லை" என்றேன். ரமீசா முன்பு சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. அவளுக்கு நினைவிருக்கும் என்று நம்பத்தான் துணியவில்லை.

ரமீசாவுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் தானாகவே எழும்பிக் குசினி வாசலில் போய் நின்றாள். ஒன்றையும் தொடவில்லை, ஒன்றையும் விசாரிக்கவில்லை. மலர் கேத்திலை வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து என் முன்னால் இருந்து, என் காலைப் பார்த்தாள். வீடு என்றபடியால் வெறுங்கால்.

மலர் நீட்டிய கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். ஊதினாள். ஒரு மிடறு குடித்தாள். எங்கள் ஆட்கள் அல்லாத ஒருவர் எங்கள் வீட்டுக் கோப்பையில் வாய் வைத்ததை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். அப்பாவுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவர் இறந்து அப்போது ஒரு வருஷம்.

ரமீசா கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"சீனி காணாது," என்றாள்.

மலர் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "சீனிப் போத்தலோடை கொண்டு வா."